ஆண்டிறுதி மழையில் மனம் தணிய எது ஒத்துவரும்? நடை, நீச்சல், யோகா, எண்ணெய்க் குளியல்: ஒரு ஒப்பீடு

செப்டம்பர் பிறந்தால் போதும், கைப்பேசியில் எதைத் திறந்தாலும் இலையுதிர்காலத்துக்கான ‘செல்ஃப் கேர்’ பட்டியல் ஒன்று வந்து நிற்கிறது. பூசணிக்காய் வாசம் போட்ட காப்பி, கம்பளிப் போர்வை, மெழுகுவத்தி, மாலை ஐந்து மணிக்கே திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கையில் ஒரு புத்தகம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரின் ஈசூனில் மின்தூக்கியை விட்டு வெளியே வந்ததும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற நமக்கு இதில் எது பொருந்தும் என்று உட்கார்ந்து பார்த்தால், பாதிக்கு மேல் தள்ளிவிட வேண்டியதுதான்.

அந்தப் பட்டியலைக் குறை சொல்லவில்லை, இலையுதிர்காலம் உள்ள ஊருக்கு அது சரி. லண்டனில் செப்டம்பர் நடுவில் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும் பகல், டிசம்பர் மூன்றாம் வாரத்தில் எட்டு மணி நேரத்துக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. வெளிச்சம் குறையக் குறைய சிலருக்கு மனச்சோர்வே வந்துவிடும். 1984-ல் மருத்துவ ஆய்வாளர்கள் அதைத் தனியாகப் பெயரிட்டு விவரித்தார்கள், காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரை மணி நேரம் உட்காருவது இன்றும் அதற்குச் சொல்லப்படும் சிகிச்சைகளில் ஒன்று. ஆக, வெளிச்சத்தையும் சூட்டையும் இழக்கிறவர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிடம்கூட வித்தியாசம் கிடையாது. பலருக்குத் தெரியாத இன்னொன்று: இங்கே சூரியன் ஆண்டிலேயே சீக்கிரமாக எழுவது நவம்பர் தொடக்கத்தில்தான், 6.45 மணியை ஒட்டி. பிப்ரவரியில் அதே சூரியன் 7.15-க்குத்தான் வரும். வெளிச்சம் நமக்குக் குறைவதே இல்லை.

நமக்கு ஆண்டிறுதியில் வருகிற சங்கடங்கள் வேறு. அக்டோபர், நவம்பரில் மத்தியானம் வரை நன்றாக வெயிலடித்துவிட்டு வேலை முடிகிற நேரம் பார்த்து இடி இடிக்கும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை, சராசரியாக 300 மில்லிமீட்டருக்கு மேல், பன்னிரண்டு மாதங்களில் அதுதான் அதிகம். அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு, வேலைத்திறன் மதிப்பீடு, எடுக்காத விடுப்பு போய்விடுமே என்ற பதற்றம். வீட்டில் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளையோ ஓ நிலை (உயர்நிலைப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதும் பிள்ளையோ இருந்தால் செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை மொத்தக் குடும்பமும்தான் பரீட்சை எழுதுகிறது. இதற்கு நடுவில் புரட்டாசி விரதம், நவராத்திரிக் கொலு, தீமிதி, தீபாவளிக்கு வீடு கழுவி முறுக்கு சுடுவது. எல்லாம் நல்ல காரியங்கள்தான், ஆனால் உடம்பு ஒன்றுதானே.

அதனால் இந்த ஒப்பீட்டில் நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தைத்தான்: மழை வந்தாலும் வேலை இழுத்தாலும் அது நிற்குமா? எவ்வளவு நல்லது, எவ்வளவு ஆரோக்கியம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். மூன்றாவது வாரத்தில் கைவிட்டுப் போகிற நல்ல பழக்கத்தால் யாருக்கும் நிம்மதி வந்ததில்லை, கூடுதலாக ஒரு குற்ற உணர்வுதான் மிஞ்சும்.

நடை: காலையா, மாலையா?

இதில் எனக்குக் குழப்பமே இல்லை, காலைதான். இரண்டு பருவமழைகளுக்கு இடைப்பட்ட இந்த மாதங்களில் தரை சூடாகி, கடற்காற்று உள்ளே வந்து மோதி, இடிமேகம் திரளுவது பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடிமழை பெய்கிறது, அதில் நல்ல பங்கு இந்த நேரத்தில் வந்து விழுகிறது. வேலை முடிந்து ஆறரைக்கு நடக்கப் போகலாம் என்று திட்டம் போடுகிறவர் வாரத்தில் பாதி நாள் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் குடைக்காரர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார். காலையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் பலத்த காற்றோடு வருகிற மழை நவம்பர் வரைக்கும் எட்டிப் பார்க்கும். ஆனாலும் கணக்குப் போட்டால் காலைக்கே லாபம், அதிலும் சூரியன் சீக்கிரம் வருகிற மாதங்கள் என்பதால் ஆறே முக்காலுக்கு வெளியே இறங்கினால் வெளிச்சமும் இருக்கும், சூடும் இருக்காது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பின் கடிகாரம் சரியாக ஓடி இரவுத் தூக்கம் ஒழுங்காக வரும் என்பதும் சும்மா சொல்கிற பேச்சில்லை.

எங்கே நடப்பது என்பதில் கொஞ்சம் யோசிக்கணும். மெக்ரிட்சி நீர்த்தேக்கம் அருமையான இடம், மழைக்கு மறுநாள் சேறு, மரக்கிளை, வழுக்கல். புக்கிட் தீமா பக்கம் போகும் பழைய ரயில் பாதை 24 கிலோமீட்டர் நீளம், நேராக நடந்துகொண்டே இருக்கலாம், அங்கும் அடைமழைக்குப் பிறகு சில பகுதிகள் சதசதவென்று இருக்கும். பீஷான் அங் மோ கியோ பூங்காவில் ஆற்றோரம் உட்கார அழகு, ஆனால் அது மழைநீர் ஏறுவதற்கென்றே அமைத்த ஆறு, எச்சரிக்கை விளக்கும் ஒலியும் வந்தால் மேலே ஏறிவிட வேண்டும். மனசுக்கு அமைதி என்று தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது தேசியப் பூங்காக் கழகம் மனநலத்துக்கென்றே அமைத்திருக்கும் தோட்டங்களை. முதலாவது 2016-ல் ஹார்ட்பார்க்கில் திறந்தார்கள், பிறகு பீஷான், தியோங் பாரு, ஜூரோங் ஏரித் தோட்டம் என்று நிறைய வந்துவிட்டன. வாசனைச் செடிகள், சக்கர நாற்காலி போகிற சமமான பாதை, நிழல் இருக்கை. முதியவர்களுக்காக யோசித்துச் செய்தது என்றாலும் நாற்பது வயதில் களைத்துப்போனவரை யாரும் வெளியே போகச் சொல்ல மாட்டார்கள். பூமலை (தாவரவியல் பூங்கா) விடியற்காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும், காசு கிடையாது, யுனெஸ்கோ 2015-ல் உலக மரபுடைமைத் தலமாக அறிவித்த இடத்தில் இலவசமாக நடப்பதற்கு நாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு விஷயம். ஹெல்தி 365 செயலியில் காலடி எண்ணிப் பரிசுப் புள்ளி சேர்க்கிறவர்கள் சேருங்கள், உடம்புக்கு நல்லது, பற்றுச்சீட்டும் கிடைக்கும். ஆனால் மனம் தணியத்தான் நடக்கிறீர்கள் என்றால் அந்த எண்ணிக்கையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பத்தாயிரம் ஆச்சா ஆச்சா என்று மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடக்கிறவர் அலுவலகத்தை விட்டு வெளியே வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர், அக்டோபரில் புகைமூட்டம் வருகிற ஆண்டுகளும் உண்டு. 2015-ல் வாரக்கணக்கில் இருந்தது நினைவிருக்கும். அந்த நாள்களில் நடையை மறந்துவிட வேண்டியதுதான், ஆஸ்துமா உள்ளவர்கள் நிச்சயமாக. நடை நல்லது, ஆனால் அதை மட்டும் நம்பி ஆண்டிறுதியை ஓட்ட முடியாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீச்சல், வெந்நீர் ஊற்று

ஆக்டிவ்எஸ்ஜி நீச்சல் குளங்கள் மலிவு, சுத்தம், பெரும்பாலான பேட்டைகளுக்கு அருகில் ஒன்று இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும்போது கைப்பேசி கையில் இல்லை என்பதே பெரிய நிம்மதி. ஆனால் மின்னல் எச்சரிக்கை வந்தால் விசில் ஊதி எல்லாரையும் ஏற்றிவிடுவார்கள், மறுபடி எப்போது இறங்கலாம் என்பது வானத்தின் கையில். நவம்பரில் மாலை நீச்சல் என்பது துண்டைப் போர்த்திக்கொண்டு குளக்கரையில் உட்கார்ந்திருப்பதாகத்தான் முக்கால்வாசி முடியும். வார இறுதிக் காலை என்றால் சரி. நீளமான முடி உள்ள பெண்களுக்கு காயவைக்க நேரமில்லாமல் ஈரத் தலையோடு வேலைக்குப் போவது தனிக் கதை.

செம்பவாங் வெந்நீர் ஊற்றுக்கு இன்னும் போகாதவர்கள் ஒரு முறையாவது போய்விட்டு வாருங்கள். 1909-லேயே கண்டுபிடித்த ஊற்று, 2020 ஜனவரியில் பூங்காவாகச் சீரமைத்துத் திறந்தார்கள். காலை ஏழு முதல் மாலை ஏழு வரை, கட்டணம் இல்லை. ஊற்றுத் தண்ணீர் ஏறத்தாழ 70 டிகிரி, முட்டை வேகவைப்பவர்களைப் பார்க்கலாம், எனவே நேராகக் காலை விட்டுவிடாதீர்கள். படிப்படியாக ஆறிவரும் தொட்டிகள் இருக்கின்றன, அல்லது வாளியில் பிடித்துக் கொஞ்சம் ஆறவிட்டுக் காலை வைக்கலாம். மேகமூட்டமான டிசம்பர் காலையில் அங்கே சீனப் பாட்டிகளோடு வரிசையாகக் காலை ஊறவைத்து உட்கார்ந்திருப்பது மாதிரி சுகம் வேறில்லை. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் மட்டும் இதைத் தவிர்க்க வேண்டும். சூடு தெரியாமல் பொசுங்கிவிடும். வாராவாரம் என்றால் உட்லண்ட்ஸ், செம்பவாங்காரர்களுக்குத்தான் முடியும். ஜூரோங்கிலிருந்து வருகிறவருக்குப் போய்த் திரும்பும் களைப்பில் கால் சுகம் கரைந்துவிடும்.

யோகா வகுப்பா, வீட்டில் மூச்சுப் பயிற்சியா?

சமூக மன்றத்தில் யோகா வகுப்பு சேர்ந்தால் ஆசிரியர் உங்கள் முதுகைப் பார்த்துத் திருத்துவார், பத்துப் பேர் முகம் பழகும், காசு கட்டிவிட்டோமே என்றாவது போவீர்கள். தனியார் யோகா நிலையங்களைவிடக் கட்டணம் நன்றாகவே குறைவு. குறை என்னவென்றால் எட்டு மணி வகுப்புக்கு ஏழரைக்கு வேலையிடத்திலிருந்து கிளம்பியாக வேண்டும், ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதத்தில் அது நடக்குமா என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறை தொடங்கியதும் பாதி வகுப்பு வெளிநாட்டுக்குப் பறந்துவிடும்.

வாய்ட் டெக்கிலும் (அடுக்குமாடி வீடுகளின் திறந்த கீழ்த்தளம்) பூங்காவிலும் காலையில் சீன மூத்தோர் செய்யும் தைச்சி, சிகோங் குழுக்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஓரமாக நின்று இரண்டு நாள் பார்த்தால் மூன்றாம் நாள் அவர்களே கையசைத்துக் கூப்பிடுவார்கள். மொழி வேண்டாம், வாய்ட் டெக் என்றால் கூரைக்குக் கீழே என்பதால் மழையும் ஒன்றும் செய்யாது. ஓய்வுபெற்ற அப்பா அம்மாவுக்கு நான் யோகா வகுப்பைவிட இதைத்தான் சொல்வேன்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பிரிவில் என் ஓட்டு மூச்சுப் பயிற்சிக்கு. வேறெதுவும் வேண்டாம், ஐந்து நொடி உள்ளே, ஐந்து நொடி வெளியே, அதாவது நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இந்த வேகத்தில் இதயத்துடிப்பும் மூச்சும் ஒன்றோடொன்று இசைந்து, உடம்பின் பதற்றத்தை இறக்கும் நரம்பு வேலை செய்யத் தொடங்குகிறது. நாடி சுத்தி தெரிந்தவர்கள் அதைச் செய்யலாம். பத்து நிமிடம் போதும், பேருந்தில் உட்கார்ந்தும் செய்யலாம், மழை, இடி, புகைமூட்டம், மேலதிகாரி எதுவும் தடுக்க முடியாது. செலவும் இல்லை. ஒரே குறை, சலிப்பு. எதையோ செய்த திருப்தி இதில் கிடைக்காது என்பதால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

எண்ணெய்க் குளியலா, மசாஜா?

நான் அதிக நேரம் நிற்கப் போவது இங்கேதான், ஏனென்றால் நம்மவர்கள் வீட்டில் இருப்பதை விட்டுவிட்டுக் காசு கொடுத்து வாங்கப் போவது இந்த விஷயத்தில்தான்.

சிராங்கூன் சாலையிலும் அதன் சந்துகளிலும் ஆயுர்வேத நிலையங்கள் நிறைய. நல்லவை இருக்கின்றன, கைப்பக்குவம் தெரிந்த கேரளத்துக்காரர்கள் இருக்கிறார்கள், கழுத்தும் தோளும் இறுகிப்போனவருக்கு ஒரு மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும். கடைத்தொகுதிகளில் கால் பிடித்துவிடும் இடங்களும் ஏராளம், மலிவும்கூட. ஒரு முறை போய் வருவதில் எந்தத் தவறும் கிடையாது. சிக்கல் எங்கே என்றால், சுகமாகக் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது காதருகே “அக்கா, பத்து முறைக்குச் சேர்த்துக் கட்டினால் இரண்டு இலவசம்” என்று ஆரம்பிப்பார்கள். எழுந்து சட்டை போடும்போது இன்னொருவர் அட்டையை நீட்டுவார். தணிவு தேடிப் போன இடத்தில் “வேண்டாம்” என்று நாலு தடவை சொல்லிவிட்டு வருவது எந்த வகைத் தணிவு? பல முறைக்குச் சேர்த்துக் கட்டியே ஆக வேண்டுமென்றால் பயனீட்டாளர் சங்கத்தின் கேஸ்டிரஸ்ட் சான்று உள்ள நிலையமா என்று பாருங்கள். அங்கே முன்பணத்துக்குப் பாதுகாப்பும், கையெழுத்துப் போட்ட பிறகு மனம் மாறினால் பணத்தைத் திரும்பக் கேட்க ஐந்து நாள் அவகாசமும் உண்டு.

வீட்டு எண்ணெய்க் குளியலுக்கு வருவோம். நாலு நாளுக்கு ஒரு முறை என்பது சித்த மருத்துவத்தின் பழைய விதி, அதைப் பிறகு ஆண்களுக்குப் புதன், சனி, பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று வீடுகளில் வைத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார யாருக்கு நேரம்? சனியோ ஞாயிறோ, வீட்டில் எல்லாருக்கும் ஒரே நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பாட்டி கோபித்துக்கொண்டால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தீபாவளிக்கு எப்படியும் விடியற்காலையில் எண்ணெய் வைக்கத்தான் போகிறோம். ஆண்டுக்கு ஒரு நாள் செய்வதை டிசம்பர் முடியும் வரை வாரம் ஒரு நாளாக நீட்டினால் அதுதான் நமக்கேற்ற ஆண்டிறுதிப் பழக்கம் என்பது என் கட்சி.

வீவக அடுக்குமாடி வீட்டில் இதற்குச் சில நடைமுறைத் தொல்லைகள் உண்டு. முதலாவது வழுக்கல். குளியலறைத் தரையில் பழைய துண்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள், பிடிகம்பி இல்லாத வீட்டில் வயதானவர்கள் நாற்காலியில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். இரண்டாவது வடிகால். சீயக்காய்த் தூளும் எண்ணெயும் சேர்ந்து தரை வடிகட்டியில் படிந்தால் அடைத்துக்கொள்ளும், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும் வரை போகலாம். குளிப்பதற்கு முன் மிஞ்சிய எண்ணெயைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, சீயக்காயைத் தலைக்கு மட்டும், உடம்புக்குப் பயத்தமாவு கொஞ்சமாக என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை வராது. மூன்றாவது, சளி பிடிக்கும் என்ற பயம். மழைக்காலத்தில் பல வீடுகளில் இருக்கிற பயம்தான். நல்லெண்ணெயில் இரண்டு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு வெதுவெதுப்பாகக் காய்ச்சி வைப்பது அதற்காகத்தான். குளித்ததும் தலையை நன்றாகத் துவட்டுங்கள், மின்விசிறிக்கு நேர் கீழே போய் உட்காராதீர்கள். தேக்கா சந்தையிலும் முஸ்தபாவிலும் நல்லெண்ணெய், சீயக்காய், பயத்தமாவு எல்லாம் கிடைக்கும், ஒரு முறை மசாஜுக்குக் கொடுக்கும் காசில் ஆண்டிறுதி முழுவதற்கும் வாங்கிவிடலாம்.

நச்சை வெளியேற்றும், ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் என்று இதற்குப் பெரிய பெரிய பலன்கள் சொல்கிறவர்கள் உண்டு, அதற்குள் நான் போகவில்லை. எனக்குத் தெரிந்த பலன் எளிமையானது. எண்ணெய் வைத்த அரை மணி நேரம் கையில் பிசுபிசுப்பு, கைப்பேசியைத் தொட முடியாது. சோபாவில் சாய முடியாது. வெளியே போக முடியாது. பால்கனி ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியே இல்லாமல் செய்துவிடுகிற ஒரு பழக்கத்தை எந்தச் செயலியாலும் கொடுக்க முடியாது. குளித்து வந்து மிளகு ரசம், சுடு சோறு. அன்றைக்குப் பகலில் தூங்கக்கூடாது என்று சொல்வார்கள், கண்ணை இழுக்கத்தான் செய்யும், சமாளித்துவிட்டால் ராத்திரித் தூக்கம் அலாதி. காய்ச்சல் இருக்கும்போதும், தோலில் புண் அல்லது எக்ஸிமா உள்ளவர்களும், எள் ஒவ்வாமை உள்ளவர்களும் விட்டுவிடலாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யட்டும்.

இரவு அரை மணி நேரம்

பகலில் என்ன செய்தாலும் ராத்திரி பன்னிரண்டு வரை கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தால் எதுவும் ஒட்டாது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். இரவுக்கு இரண்டு வழிகள் பேசப்படுகின்றன: ஒன்று சூடான பானம், இன்னொன்று சூடான குளியல். இரண்டில் குளியலுக்குத்தான் ஆதாரம் பலமாக இருக்கிறது. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் 40 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் பத்து நிமிடம் குளித்தால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து உடம்பின் உள்சூடு இறங்குகிறது, தூக்கம் வர உடம்புக்கு அந்த இறக்கம் தேவை. நம்மவர்கள் வேலை முடிந்து வந்ததும் குளித்துவிடுவார்கள். அந்தக் குளியலை ஒன்பது மணிக்குத் தள்ளிவைத்தால் வேலை முடிந்தது.

பானம் என்றால் காப்பிக்கடை தே ஹாலியா (இஞ்சித் தேநீர்) மழைக்கு ஆனந்தம்தான், ஆனால் அதிலும் தேயிலை இருக்கிறது. உள்ளே போன காஃபினில் பாதி கரையவே ஐந்து மணி நேரம் போல ஆகும் என்பதால் சாயங்காலம் நாலுக்கு மேல் தே, கோப்பி வேண்டாம். சுக்கு மல்லி, அல்லது இஞ்சித் தண்ணீரில் கொஞ்சம் பனங்கற்கண்டு. சீனப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி இந்த மாதங்களில் பேரிக்காயும் வெள்ளைக் காளானும் போட்டு இனிப்பு சூப் வைப்பார், இலையுதிர்கால வறட்சிக்கு நல்லது என்பது அவர்கள் வைத்தியம். ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைச் சுற்றியே இருக்கும் இந்த ஊரில் வறட்சிக்கு எங்கே போவது என்று கேட்கத் தோன்றும், ஆனால் நாள் முழுக்கக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறவர் தொண்டையைக் கேட்டுப் பாருங்கள். கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தால் மறுக்காமல் குடித்துவிடுங்கள். குளிர்சாதனத்தை ராத்திரி 25 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகாமல் மின்விசிறியோடு சேர்த்துப் போட்டாலே தொண்டை பாதி தப்பிக்கும், மின்கட்டணமும்.

நவம்பரில் ஜப்பானுக்கோ கொரியாவுக்கோ சிவந்த இலை பார்க்கப் போகும் குடும்பங்களுக்கு மட்டும் அந்த இணையப் பட்டியல் அப்படியே பொருந்தும். அங்கே காற்று உண்மையாகவே வறண்டது. உதட்டுக்கு வாசலின், கைகாலுக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்துப் போங்கள், பிள்ளைகள் தண்ணீர் கேட்காது, நீங்களாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, யாருக்கு எது?

அலுவலக வேலைக்காரர்களுக்கு: வார இறுதியில் எண்ணெய்க் குளியல், தினமும் பத்து நிமிட மூச்சு. இவை இரண்டும் அடித்தளம், மழை தொட முடியாதவை. காலை நடை கிடைத்தால் கூடுதல், கிடைக்காத வாரத்தில் வருத்தப்பட ஒன்றுமில்லை. மசாஜ் வேண்டுமென்றால் ஊக்கத்தொகை வந்த மாதத்தில் ஒரு முறை, பல முறைக்குச் சேர்த்துக் கட்டாமல்.

பரீட்சைப் பிள்ளையுள்ள வீடுகளில் அம்மா அப்பா முதலில் செய்ய வேண்டியது பிள்ளையோடு சேர்ந்து இரவு கைப்பேசியை வரவேற்பறையில் வைத்துவிடுவது. பிள்ளைக்கு மட்டும் சட்டம் போட்டால் நடக்காது. பரீட்சை முடிகிற சனிக்கிழமை பிள்ளைக்கும் எண்ணெய் வைத்துவிடுங்கள், முகத்தைச் சுளிக்கும், பரவாயில்லை.

புரட்டாசி விரதம் இருப்பவர்கள் அந்த மாதத்திலேயே எண்ணெய்க் குளியலையும் மூச்சுப் பயிற்சியையும் தொடங்கிவிடலாம். இறைச்சி இல்லை, வெளிச்சாப்பாடு குறைவு, சனிக்கிழமை பெருமாள் கோயில் என்று ஒழுங்கு ஏற்கெனவே அமைந்திருக்கிறது, அதன் மேல் ஏற்றிவைப்பது சுலபம். தீபாவளி முடிந்துதான் என்று தள்ளினால் பலகாரம் தீரும் வரை யாரும் எதையும் தொடங்குவதில்லை.

ஓய்வுபெற்றவர்களுக்கு வாய்ட் டெக் தைச்சி, அது முடிந்து பசியாறல், கூட இருப்பவர்களோடு அரட்டை. அந்த அரட்டைதான் மருந்து என்று நினைக்கிறேன்.

இவையெல்லாம் களைப்புக்கும் பரபரப்புக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கம் வரவில்லை அல்லது எழவே முடியவில்லை, அழுகை வருகிறது என்றால் எண்ணெயும் சுக்கும் பற்றாது, பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போய்ச் சொல்லுங்கள். மனநல உதவிக்கு 1771, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் 1767, இரண்டுமே 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

இரவு ஷிஃப்ட் பார்க்கிறவர்களைத்தான் எந்தப் பட்டியலும் நினைப்பதில்லை. பாதுகாவலர்கள், தாதியர், விமான நிலைய ஊழியர்கள், நம்மில் எத்தனையோ பேர். உங்களுக்கு மேலே சொன்ன காலை வெளிச்சமே எதிரி. வேலை முடிந்து வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வழியில் கோப்பி வேண்டாம், வீட்டுக்கு வந்து வெந்நீர்க் குளியல், கனமான திரைச்சீலை, கைப்பேசியில் வீட்டாரின் அழைப்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் ஒலி நிறுத்தம். எண்ணெய்க் குளியலை விடுப்பு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது எந்தக் கிழமையாக இருந்தாலும்.